புரட்சியைக் கண்ட கவிஞர்

(சங்க மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



சங்கக் காரியதரிசியார் சென்ற மாதம் என்னைக் கண்டு, "தம்பி, நீர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறீர். இயற்கைக் கவிஞர் வேர்ட்ஸ்வேர்த்தைப் பற்றி அரைமணி நேரம் பேசும்" என்றார். நானும் சம்மதித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தபோது இயற்கையைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. அந்தக் கவிஞருடைய வாழ்க்கையின் வேறொரு பகுதி இரண்டு வருடங்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் இன்று பேசப்போகிறேன். காரியதரிசியார் பொறுத்தருள வேண்டும்.

நான் மிஷன் கல்லூரியிற் படித்தவன். வீட்டிலே தேவாரமும் பள்ளியிலே வேதாகமமும் கேட்டு வளர்ந்தவன். எட்டாம் வகுப்பில் வேர்ட்ஸ்வேர்த்தின் மஞ்சட்பூப் பாட்டைப் பாடமாக்காதவர்களை ஆசிரியர் வாங்கின்மேல் ஏற்றி நிறுத்துவார். அந்தப் பூவை எங்களில் ஒருவரும் கண்டதில்லை, ஆசிரியரும் கண்டிருக்கமாட்டார். வேலியோரத்துப் பூவரசம்பூவை மனத்திலே வைத்துக்கொண்டு பாடமாக்கினோம். ஆகவே, வேர்ட்ஸ்வேர்த் என்றால் பூவையும் குயிலையும் ஏரியையும் பாடிய ஒரு சாதுவான கிழவர் என்பதே என் எண்ணமாயிருந்தது. இங்கிலாந்து அரசாங்கம் ஒற்றன் வைத்துக் கண்காணித்த புரட்சிக்காரர் அவர் என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்பே அறிந்தேன்.

அவர் பிறந்தது 1770ஆம் ஆண்டில். பிரெஞ்சு மக்கள் பரிஸ் நகரத்துப் பஸ்தீல் சிறையைத் தாக்கிப் பிடித்த 1789 ஜூலை 14ஆந் திகதி அவருக்கு வயது 19. அப்போது கேம்பிரிட்ஜிலே செயின்ற் ஜோன்ஸ் கல்லூரி மாணாக்கர். மறுவருடத்து நீண்ட விடுமுறையில், பரீட்சைக்குப் படிக்கவேண்டிய காலத்தில், றொபேட் ஜோன்ஸ் என்னும் சக மாணாக்கரோடு கால்நடையாக ஐரோப்பாவைச் சுற்றப் புறப்பட்டார். வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. 1790 ஜூலை 13ஆந் திகதி அவர்கள் கலே துறைமுகத்தில் இறங்கினார்கள். மறுநாள் பஸ்தீல் விழுந்து ஒரு வருடம் நிறைவுற்ற பெருவிழா. ஊர்தோறும் தோரணம், தெருத்தோறும் ஆட்டம். அந்நிய நாட்டு வாலிபர் இருவரையும் சனங்கள் சொந்தக்காரரைப்போல வரவேற்றார்கள். இருபது வயதில் இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆயினும் அந்த முதற் பயணத்தில் அவர் வேடிக்கை பார்த்தவரே. 1791 நவம்பரில் இரண்டாம் முறை பிரான்சுக்குப் போனார். இடித்துத் தள்ளப்பட்ட பஸ்தீலின் குவியலில் இருந்து ஒரு கல்லைப் பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இதை அவரே தமது சுயசரிதக் காவியத்தில் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, தாம் அந்நேரம் காட்டிய உணர்ச்சி முழுவதும் உண்மையானது அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறார். இந்த இடத்தை முதன்முறை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நண்பர்களே, கூட்டத்திலே நின்று கோஷம் போட்ட எவனும் இதை அறிவான். பக்கத்தில் நிற்பவன் உணர்வதை நாமும் உணர்கிறோம் என்று காட்டிக்கொள்ள ஒரு கல்லைப் பொறுக்கிப் பையில் போடுகிறோம். சில நாளில் அந்தப் பாரமே நமக்கு நம்பிக்கையாகத் தோன்றத் தொடங்கிவிடும்.

வேர்ட்ஸ்வேர்த்துக்கு மெய்யான நம்பிக்கை வந்தது புளுவா என்னும் பட்டணத்திலே. அங்கே தங்கியிருந்த இராணுவ உத்தியோகத்தர் பெரும்பாலோர் அரசனின் பக்கம். அவர்களுக்குள்ளே மிஷேல் போப்பியூயி என்ற ஒருவர் மாத்திரம் புரட்சியின் பக்கம். அவரும் உயர்குடியிற் பிறந்தவர். அதனால் மற்ற உத்தியோகத்தர் அவரை ஒதுக்கினார்கள். இவருடைய வயது முப்பத்தைந்தைத் தாண்டியது. நம் கவிஞருக்கோ 22. இருவரும் லுவார் நதிக்கரையிலே மணிக்கணக்காக நடந்து பேசுவார்கள். ஒருநாள் வழியிலே பசியினால் மெலிந்த ஓர் ஏழைப் பெண்பிள்ளை எதிர்ப்பட்டாள். கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு கிடாரிக் கன்று. கன்று பாதையோரத்துப் புல்லை மேய, அவள் கைகள் சும்மா இராமல் பின்னல் வேலை செய்துகொண்டிருந்தன. போப்பியூயி அவளைச் சுட்டிக்காட்டித் தம் போராட்டம் எதற்காக என்பதைச் சொன்னார்.

அந்தப் பெண்பிள்ளையை நீங்கள் மறக்கக்கூடாது. புரட்சி என்ற பெரிய சொல்லுக்கு வேர்ட்ஸ்வேர்த் கண்ட பொருள் அவள்தான். நூலும் துண்டுப்பிரசுரமும் பின்னால் வந்தவை.

அதே காலத்தில் அவருக்கு அனெத் வலோன் என்னும் பிரெஞ்சுப் பெண்மீது காதல் ஏற்பட்டு, 1792 டிசம்பரில் கரோலின் என்ற மகள் பிறந்தாள். விவாகம் நடைபெறவில்லை. கவிஞரின் குடும்பத்தார் இச்செய்தியைப் பொதுமக்கள் அறியாமல் வைத்திருந்தனர். 20ஆம் நூற்றாண்டிலேதான் வெளிப்பட்டது. மிஷன் கல்லூரியில் இதை எங்களுக்குச் சொல்லவில்லை என்று நான் தனியே கூறவேண்டியதில்லை.

இனிக் கதை இருளுகிறது. 1792 செப்டெம்பர் முதல் வாரத்திலே பரிஸ் சிறைகளுக்குள் கூட்டம் புகுந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளைக் கொன்றது. அரசியற் கைதிகள் மாத்திரமா? சாதாரணக் களவுக்குப் பிடிபட்டவர்களும், பெண்களும், பையன்களும் அதில் மாண்டார்கள். வேர்ட்ஸ்வேர்த் ஒரு மாதத்துக்கு மேல் கழித்துப் பரிஸுக்கு வந்து சேர்ந்தார். பிணங்கள் கிடந்த சதுக்கத்தைக் கடந்து போய், உயரத்தில் இருந்த அறை ஒன்றில் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு இரவு முழுவதும் விழித்திருந்தார். வருட முடிவில் கைச்செலவுக்குப் பணமின்றி இங்கிலாந்து திரும்பினார். 1793 ஜனவரி 21ஆந் திகதி பதினாறாம் லூயி மன்னனின் தலை வெட்டப்பட்டது. பெப்ரவரி முதலாந் திகதி பிரான்சு இங்கிலாந்தின்மீது போர் தொடுத்தது.

இப்போது அவர் செய்ததைக் கேளுங்கள். அரசனின் கொலையைக் கண்டித்து லண்டாவ் பேராயர் வெளியிட்ட பிரசுரத்துக்கு மறுப்பாக அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். செப்டெம்பர்ப் படுகொலை நடந்த நகரத்தில் நித்திரையின்றிக் கிடந்தவர், சில மாதத்துக்குள்ளே, விடுதலை வருங்காலத்தில் சிலவேளை வன்முறையின் துணையையும் நாடவேண்டியிருக்கும் என்று நியாயம் எழுதினார்! கடிதம் அச்சேறவில்லை. ஏறியிருந்தால் அவர் சிறைக்குப் போயிருக்கலாம். அவர் இறந்து 26 வருடங்கள் கழித்து 1876ஆம் ஆண்டிலேதான் அது வெளிவந்தது.

கண்ணாற் கண்டதைக் கருத்தினால் மூடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவர் பொய்யர் அல்லர். கண்டதை ஒப்புக்கொண்டால், பசித்த பெண்பிள்ளையைக் கைவிட்டவராகிவிடுவோமே என்று பயந்தார். அந்தப் பயம் நல்ல மனத்திலிருந்து வருகிறது. ஆகவேதான் அதன்மேல் சந்தேகம் வருவதில்லை.

பின்வந்த வருடங்களில் அவர் பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. ஊர்க்கோயிலிலே இங்கிலாந்துப் படையின் வெற்றிக்காகச் சபையார் செபிப்பார்கள். அவர் நடுவிலே வாய்திறவாமல் உட்கார்ந்து, தம் சொந்த நாடு தோற்றதைக் கேட்டு உள்ளுக்குள் மகிழ்வார். அதேவேளை பரிஸிலே றொபெஸ்பியேரின் ஆட்சியில் நாள்தோறும் தலைகள் உருண்டன. இரவிலே கனவு வரும், அநியாய நீதிமன்றத்தில் யாருக்காகவோ நின்று வாதாடுவார், நா எழாது. இந்தக் கனவு வருடக்கணக்காக அவரைத் தொடர்ந்தது. 1794இல் ஒருநாள், தம்முடைய பழைய தலைமையாசிரியரின் கல்லறையைத் தரிசித்துவிட்டுக் கடல்வற்றிய மணல்வெளியைக் கடந்துகொண்டிருந்தபோது, வழிப்போக்கன் ஒருவன் றொபெஸ்பியேர் இறந்துவிட்டான் என்று சொன்னான். அவ்விடத்திலேயே கடவுளுக்கு நன்றி செலுத்தினார். இனிப் புரட்சி நேர்வழிக்கு வந்துவிடும் என்று நம்பினார். வரவில்லை. 1798இல் பிரெஞ்சுப் படை சுவிற்சர்லாந்தை ஆக்கிரமித்தது. 1804இல் நெப்போலியன் தனக்குத் தானே முடிசூட்டிக்கொண்டான்.

மனிதரிலே நம்பிக்கை தளர்ந்தவர்கள் பெரும்பாலும் புத்தகத்திலே போய் விழுவார்கள். அவரும் விழுந்தார். 1793இல் வில்லியம் கொட்வின் என்னும் தத்துவவாதி 'அரசியல் நீதி' பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டிருந்தார். பந்தம், பாசம், நன்றி ஆகியவற்றை அறிவின் தராசில் நிறுத்து, பொது நன்மைக்கு உதவாதவற்றைத் தள்ளிவிடவேண்டும் என்பது அதன் போக்கு. வேர்ட்ஸ்வேர்த் எல்லாவற்றையும் இவ்வாறு நிறுத்துப் பார்த்தார். ஈற்றில் நன்மை தீமை என்பவற்றையே நிரூபிக்கமுடியாமற் போய், எல்லாக் கேள்விகளையும் வெறுத்துக் கணித பாடத்திலே புகலிடம் தேடினார். (கணிதத்தில் எனக்குப் புகலிடம் என்றுமே கிடைத்ததில்லை. அது வேறு கதை.)

இந்த நோயிலிருந்து எழுந்திருக்கும்போது அவர் ஒரு நாடகம் எழுதினார். பெயர் 'எல்லைப்புறத்தார்'. 1796, 1797 ஆகிய வருடங்களில் எழுதியது. லண்டன் நாடகசாலையார் அதை வேண்டாம் என்று திருப்பியனுப்பினார்கள். நாடகமாக அவ்வளவு நன்றாகவும் இல்லை. ஆனால் நான் இன்று இங்கே நிற்பதற்குக் காரணம் அந்த நாடகந்தான்.

கதை இது. நல்ல வாலிபன் ஒருவன் கொள்ளைக்கூட்டம் ஒன்றின் தலைவன், ஏழைகளைக் காப்பவன். அவனுக்கு ஒரு சிநேகிதன். படித்தவன், பேச்சு வல்லவன். ஒரு குருட்டுக் கிழவரைக் குறித்து, இவன் பொல்லாதவன், இவனை ஒழிப்பது நியாயம் என்று சிநேகிதன் வாலிபனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். வாலிபன் கிழவரை வெட்டப் போகிறான், கை எழவில்லை. ஆகவே, கடவுள் தீர்ப்புச் சொல்லட்டும் என்று அவரை ஆளில்லாத வெளியிலே தனியே விட்டுவிட்டு வருகிறான். திரும்பி வந்த பிறகுதான் தெரிகிறது, கிழவரின் சாப்பாட்டுப் பை தன்னுடனேயே வந்துவிட்டது என்று. கிழவர் பசியாலும் குளிராலும் இறக்கிறார். அவர்மேற் சொன்னவை யாவும் பொய்.

பெரியோர்களே, நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்.

பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வருடத்திலேயே நான் ஒரு மாணவர் குழுவிற் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். அதிலிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். தொழிலாளர் படும் பாட்டை எனக்கு முதன்முதலிற் கண்திறந்து காட்டியவர்கள் அவர்களே. இரவு இரண்டு மணிவரை விடுதி விறாந்தையில் இருந்து வாசிப்போம், வாதாடுவோம். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் என்றும் இருந்ததில்லை. இரண்டாம் வருடத்தில் ஒரு பகிஷ்கரிப்பு வந்தது. கோரிக்கைகள் நியாயமானவை என்றே இன்றும் சொல்வேன். விடுதிச் சமையற்கூடத்தையும் மூடவேண்டும் என்று குழு தீர்மானித்தது. அங்கே நாட்கூலிக்கு வேலை செய்த முதியவர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிடுவோம். நாலு நாள் வராமல் இருந்தவர், ஐந்தாம் நாள் விடியற்காலையில் பின்கதவால் வந்து அடுப்பை மூட்டிவிட்டார். ஒருநாள் வராவிட்டால் ஒருநாட் கூலி இல்லை, அவ்வளவுதான்.

எங்களுக்குச் செய்தி எட்டியது. நாங்கள் ஏழுபேர் போனோம். அவர் துரோகி என்று போகும் வழியிலேயே முடிவாகிவிட்டது. யார் முதலிற் சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை, நானாகவும் இருக்கலாம். அவரை ஒருவரும் அடிக்கவில்லை. சோறு வெந்துகொண்டிருந்த கிடாரத்தை இரண்டுபேர் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்து வாய்க்காலில் கவிழ்த்தார்கள். அவர்கள் தூக்கிவர வசதியாகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அண்ணை ஒன்றும் பேசவில்லை. சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு, வாய்க்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மற்றவர்களை அல்ல. அவருக்கு என் பெயர் தெரியும். காய்ச்சல் கண்டு கிடந்த நாட்களில் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து தந்தவர்.

அன்றைக்கும் நான் விலகவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் பொய்யாகும். ஒரு மாதம் நியாயம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெரிய காரியத்தில் இப்படிச் சிறிய காரியங்கள் நடக்கும் என்றேன். ஒரு கிடாரம் சோறா, ஒரு சமுதாயமா என்று கூட்டத்தில் கேட்டுக் கைதட்டும் வாங்கினேன். பிறகுதான் நூல்நிலையத்தில் அந்த நாடகத்தை வாசித்தேன். சாப்பாட்டுப் பை வருகிற இடத்துக்குமேல் அன்றைக்கு வாசிக்க முடியவில்லை. அடுத்த கிழமை குழுவை விட்டேன்.

விட்டதோடு கதை முடிந்திருந்தால் நான் இங்கே வந்து பேசமாட்டேன். அதன்பின் ஒரு வருடம் நான் எல்லாவற்றையும் பரிகசித்தேன். சம்பள உயர்வு கேட்டு யாராவது ஊர்வலம் போனால் சிரிப்பேன். ஏழை, நீதி என்ற சொற்களைக் கேட்டாலே உதட்டைப் பிதுக்குவேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஐயா அயலவரிடம், "இப்பதான் தம்பிக்குப் புத்தி வந்திருக்குது" என்று பெருமைப்பட்டார். எங்கள் ஊர்ப் பெரிய கடைக்காரர் ஒருவர், கடைப்பொடியன்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு கொடாதவர், என் முதுகிலே தட்டி, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். அவர் தட்டியது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் பயமாயிருக்கிறது.

இப்போது கவிஞரிடம் திரும்புவோம். அவருடைய முதுகிலும் தட்டினார்கள்.

முதலில், நல்ல வருடங்களைச் சொல்லவேண்டும். 1795இல் அவர் தம் தங்கை டொறதியோடு கிராமத்திலே குடியேறினார். தங்கையின் அன்பும் பின்னர் நண்பர் கோல்றிட்ஜின் தோழமையும் அவரை மனிதராக்கின. ஒற்றன் வந்தது இக்காலத்தில், 1797இல். நண்பர் இருவரும் கடற்கரையில் ஸ்பினோசா என்னும் தத்துவஞானியைப் பற்றிப் பேசியதை மறைந்திருந்து கேட்ட ஒற்றன், தன்னைத்தான் 'ஸ்பை நோசி' என்று, அதாவது மூக்கு நுழைக்கும் ஒற்றன் என்று, பழிக்கிறார்கள் என எண்ணிக்கொண்டானாம். கோல்றிட்ஜ் சொன்ன கதை. அவர் கதைகளில் உப்புப் புளி சற்றுக் கூடுதலாயிருக்கும். மறுவருடம் 1798இல் இருவருமாக வெளியிட்ட சிறுநூல் ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றியது. அதில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்: தள்ளாத கிழவன், கைவிடப்பட்ட தாய், கடைசி ஆட்டையும் விற்ற குடியானவன், விறகுக்கு வேலி முறித்த ஏழைக்கிழவி. கட்சி போய்விட்டது, தத்துவம் போய்விட்டது, ஆனால் நதிக்கரையிற் கண்ட பெண்பிள்ளை போகவில்லை. 1801இல் அவர் அந்நூலின் இரண்டாம் பதிப்பை எதிர்க்கட்சித் தலைவர் சாள்ஸ் ஜேம்ஸ் பொக்ஸுக்கு அனுப்பி, ஏழைகளின் குடும்ப பாசம் நாட்டில் அழிந்துவருவதைக் கவனிக்கும்படி கடிதம் எழுதினார். இந்த ஐந்தாறு வருடங்களின் வேர்ட்ஸ்வேர்த்தை எவனும் கட்சிமாறி என்று சொல்லத் துணியான்.

பிறகு வந்தது லோதர் குடும்பம். கவிஞரின் தகப்பனார் லோதர் பிரபுவின் காரியங்களைப் பார்த்த வழக்கறிஞர். அவர் 1783இல் இறந்தபோது பிரபு கொடுக்கவேண்டிய பணம் நாலாயிரம் பவுனுக்கு மேல். பிரபு அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு சதமும் கொடுக்காமல் வழக்கை இழுத்தடித்தான். பிரபுக்களின் மேல் வேர்ட்ஸ்வேர்த்துக்கு இருந்த கோபம் பிரான்சிலே பிறந்தது அல்ல, வீட்டிலேயே பிறந்தது. 1802இல் அந்தப் பிரபு இறக்க, பட்டத்துக்கு வந்தவர் கடனை வட்டியோடு தீர்த்தார். கண்ணியமான மனிதர். 1813இல் அவருடைய தயவால் கவிஞருக்கு முத்திரைத்தாள் விநியோக உத்தியோகம் கிடைத்தது. பிள்ளைகுட்டிக்காரர், கவிதை சோறு போடவில்லை, யார் குறை சொல்வது? ஆனால் 1818 தேர்தலில் லோதரின் இரு புதல்வருக்காகக் கவிஞர் ஊரூராகத் திரிந்து, பிரசுரம் எழுதி, வாக்குச் சேகரித்தார்.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் ஜோன் கீற்ஸ் என்னும் வாலிபக் கவிஞர், வயது 22, ஏரிநாட்டுக்குக் கால்நடையாக வந்தார். விடுதிப் பணியாளனிடம் வேர்ட்ஸ்வேர்த் எங்கே என்று விசாரித்தார். லோதர்களுக்கு வாக்குக் கேட்டு இந்தப் பக்கம் வந்து போனார் என்று பதில் கிடைத்தது. கீற்ஸ் மனம் நொந்தார். அடுத்தநாள் வீடுதேடிப் போயும் கவிஞர் இல்லை. ஒரு சிறு குறிப்பை எழுதி அடுப்பங்கரை மாடத்தில் செருகிவிட்டுப் போனார். அந்த வெறும் வீட்டில் நின்ற 22 வயது வாலிபனை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அதன்பின் கவிஞர் கத்தோலிக்கருக்கு உரிமை வழங்குவதை எதிர்த்தார். 1832ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சீர்திருத்தத்தை எதிர்த்தார். 1843இல் அரசவைக் கவிஞரானார். இரண்டு வருடம் கழித்து றொபேட் பிறவுணிங், தலைவன் விலைபோனான் என்ற பொருளில் ஒரு பாட்டே பாடிவிட்டார். வயதான காலத்தில் பிறவுணிங்கும், வேர்ட்ஸ்வேர்த்தை மனத்தில் வைத்து எழுதியது இளமையின் அவசரம் என்று ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

மாறாதவன் தப்பினானா என்று கேட்பீர்கள். வில்லியம் ஹாஸ்லிற் மாறவில்லை. புரட்சியைப் பற்றி இருபது வயதிற் சொன்னதையே ஐம்பது வயதிலும் சொன்னார். சொன்னபடியே வறுமையில் இறந்தார். வேர்ட்ஸ்வேர்த்தை அவர் தாக்கி எழுதியவற்றை வாசித்தால் இரத்தம் கொதிக்கும். ஆனால் அந்த உறுதி அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் எது? நெப்போலியனின் காலடி. 1815இல் வாட்டர்லூவிலே நெப்போலியன் தோற்றபோது ஹாஸ்லிற் வாரக்கணக்கில் முகங்கழுவாமல் குடியில் கிடந்தார். குடியரசைக் கொன்றவனுக்காகக் குடியரசுவாதி அழுதார். அவனுடைய வரலாற்றை நாலு பாகத்தில் எழுதினார். கொள்கையை விடாமல் பிடித்தவரின் கையில் ஈற்றில் எஞ்சியது ஒரு சக்கரவர்த்தி. ஆகவே மாறுவது துரோகம், மாறாதது வீரம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

நான் கவிஞரிடம் கேட்பது வேறு. நதிக்கரைப் பெண்பிள்ளை எங்கே? லோதருக்கு வாக்குக் கேட்ட நாளில் அவள் நினைவில் இருந்தாளா?

இதற்குப் பதில் தேடியபோது எதிர்பாராத இரண்டு செய்திகள் அகப்பட்டன. 1834இல் இங்கிலாந்திலே புதிய ஏழைச் சட்டம் வந்தது. உதவி வேண்டிய ஏழை தொழிற்கூடம் என்னும் சிறைபோன்ற இடத்தில் அடைபட வேண்டும். புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். படித்தவர்களும் சீர்திருத்தக்காரரும் அச்சட்டத்தைப் பாராட்டினார்கள். மறுவருடம் வெளியிட்ட கவிதை நூலின் பின்னுரையில் அதைக் கண்டித்து, வேலையற்ற ஏழைக்கு உதவி பெறுவது பிச்சையல்ல, உரிமை என்று வாதாடினார் 65 வயது வேர்ட்ஸ்வேர்த். பழமைவாதி என்று நாம் தள்ளிவிட்ட அதே கிழவர்.

மற்றது 1846இல் நடந்தது. தோமஸ் கூப்பர் என்பவர் ஒரு சப்பாத்துத் தொழிலாளி; தானே படித்துக் கவிஞரானவர்; எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தின் பேச்சாளர். அரசாங்கம் அவரை இரண்டு வருடம் சிறையில் வைத்தது. விடுதலையான பின் அவர் ஒருநாள் புழுதி படிந்த உடுப்போடு வேர்ட்ஸ்வேர்த்தின் வாசலிலே நின்றார். பெயரை ஒரு கடதாசித்துண்டில் எழுதி உள்ளே அனுப்பினார். அரசவைக் கவிஞர் கலகக்காரனைப் பார்ப்பாரோ என்று அவருக்கே சந்தேகம். கிழவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். உங்கள் சாசனத்தில் நியாயமற்றது ஒன்றுமில்லை. சனங்களுக்கு வாக்குரிமை வந்தே தீரும். பலாத்காரத்தால் அதைத் தேடியதுதான் நீங்கள் செய்த பிழை என்று சொன்னாராம். இதைப் பதிந்து வைத்தவர் கூப்பரே. தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார்.

இது முப்பது வருடத்து மௌனத்தையும் வாக்குக் கேட்டலையும் ஈடுசெய்யுமா? எனக்குத் தெரியவில்லை. கூப்பர் ஈடுசெய்யும் என்று நினைத்தார். சிறையிருந்தவர் அவர்தான், நான் அல்ல. ஆனால் அந்த வாசலில் ஒரு கலகக்காரன் வந்து நிற்பதற்கு 76 வயதுவரை காத்திருக்கவேண்டிவந்ததே என்று மாத்திரம் கவலைப்படுகிறேன்.

பல்கலைக்கழகம் அடுத்த மாதம் திறக்கிறது. அண்ணை இன்னும் அதே சமையற்கூடத்தில் வேலை செய்கிறார். இரண்டு வருடமாக, அவர் பரிமாறும் வரிசையைத் தவிர்த்து மற்ற வரிசையிலேயே நான் போய் நிற்கிறேன். வரிசையில் நின்றால் முதலில் என்ன சொல்வது என்று இப்போதே யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் சரியாக வரவில்லை. ஐயாவுக்கும் இச்செய்தி தெரியாது. அவர் பின்வரிசையில் இருக்கிறார், இப்பொழுதுதான் கேட்கிறார்.